யாரோடு உண்கிறோம்?

திருவருகைக் காலம் தொடங்கியதும் நமது இல்லங்களில் ஒரு வினா எழுகின்றது. கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவின் நண்பகல் விருந்தை வீட்டிலேயே சமைப்பதா? பிரியாணிக் கடையில் முன்கூட்டியே சொல்லிவைத்து வாளியோடு வாங்கி வருவதா? அல்லது குடும்பத்தோடு நகரத்து உணவகம் ஒன்றிற்குச் சென்று அமர்வதா? ஒரு காலத்தில் திருச்சியிலும் புதுக்கோட்டையிலும் வசதி படைத்தோர் இல்லங்களில் மட்டுமே கேட்ட இவ்வினா, இன்று நார்த்தாமலையைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் கேட்கின்றது. இரவுப் பாட்டுக் குழுவின் ஒத்திகைக்கு நடுவிலும் பேசப்படுகின்றது. வீட்டு விருந்து மரபா, வெளி விருந்து நாகரிகமா என்று இரு தரப்பாரும் வாதிடுகின்றனர்.

இரு தரப்பாருக்கும் நாம் சொல்ல விரும்புவது ஒன்றே. வீட்டு உணவும் வாளிப் பிரியாணியும் உணவக மேசையும் ஒன்றுக்கொன்று மாற்று ஆகா. சமைப்பவர் மாறுகின்றார், அமரும் இடம் மாறுகின்றது, செலவாகும் தொகை மாறுகின்றது. உடன் அமர்வோர் மட்டும் மாறுவதே இல்லை. நம் இரத்த உறவினர், நம் தரத்தினர், நம் சாதியினர் என்னும் அதே வட்டம் மூன்று இடங்களிலும் நம்மோடு வந்து அமர்ந்துகொள்கின்றது. விருந்தில் மாற்ற வேண்டியது அந்த வட்டத்தைத்தான். அதைத் தொடாத வரை எத்தனை புதுமை செய்தாலும் நாம் பழைய கதவையே புதிய தாழ்ப்பாளால் பூட்டுகின்றோம்.

வெளியே உண்ணச் செல்வோரை மரபின் பெயரால் வசைபாடுவோரும் நம்மிடையே உண்டு. அவர்களோடு நமக்கு உடன்பாடில்லை. நள்ளிரவுத் திருப்பலி முடிந்து இல்லம் திரும்புகையில் பின்னிரவாகிவிடுகின்றது. ஆண்கள் படுக்கைக்குச் செல்கின்றனர். விடிந்ததும் இட்லிக்கும் கறிக்குழம்பிற்கும், அது முடிந்ததும் நண்பகல் விருந்திற்கும் அடுப்பின்முன் நிற்பவள் பெண். முந்தைய வாரம் முழுவதும் முறுக்கும் அதிரசமும் அச்சுமுறுக்கும் சுட்டுக் களைத்தவளும் அவளே. எல்லாரும் உண்டு எழுந்தபின் அடிச்சட்டியில் எஞ்சியதை உண்பவளும் அவளே. அப்பெண், “இவ்வாண்டு கடையில் வாங்கிக்கொள்வோம்” என்று சொன்னால் அதனைச் சோம்பல் என்பது அநீதி. மீட்பரின் பிறப்பு விழாவன்று ஒரு வேளை ஓய்வு கேட்பதற்கு அவளுக்கு உரிமையுண்டு.

ஆயினும் அந்த ஓய்வு எங்கிருந்து வருகின்றது என்பதையும் எண்ண வேண்டும். நம் வீட்டு அடுப்பு அணைகின்ற நாளில் எங்கோ ஒரு கடையில் பெரிய தேக்சாவின் அருகே ஒருவர் விடியற்காலை முதல் வெந்துகொண்டிருக்கின்றார். கைப்பேசியில் நாம் ஆணையிட்டதை இருசக்கர வண்டியில் சுமந்துவரும் இளைஞரை நாம் வாசலிலேயே நிறுத்திப் பொட்டலத்தைப் பெற்றுக்கொண்டு கதவைச் சாத்துகின்றோம். அவர் உண்டாரா என்று கேட்பதில்லை. விடுதியில் இடம் கிடையாது என்று மறுக்கப்பட்ட ஒரு குடும்பத்தின் நினைவைக் கொண்டாடும் நாளில் இது நிகழ்கின்றது என்பதுதான் வேதனை.

மரபு பேசுவோரிடம் நாம் கேட்க வேண்டியது வேறு. எது மரபு? நம் சிற்றூர்களில் ஆட்டுக்கறி அன்றாட உணவாக இருந்ததில்லை. பல குடும்பங்கள் சேர்ந்து ஓர் ஆட்டை அறுத்துக் கூறு போட்டுப் பிரித்துக்கொண்டன. பெருவிழாக் காலையில் பலகாரத் தட்டுகள் வீதியெங்கும் நடந்தன. இந்து வீட்டிற்கும் முசுலிம் வீட்டிற்கும் சென்ற தட்டு, தீபாவளிக்கும் இரமலானுக்கும் நிறைந்து திரும்பியது. வெற்றுத் தட்டைத் திருப்பித் தருவது பண்பன்று என்று நம் பாட்டிமார் அறிந்திருந்தனர். இது பெருமைப்படத்தக்க மரபே. ஆனால் அத்தட்டு எத்திசையில் நடந்தது, எத்திசையில் நடக்க மறுத்தது என்பதையும் சொல்லத்தானே வேண்டும்? நமக்குச் சமமெனக் கருதியவர் வீட்டிற்குத் தட்டு முன்வாசல் வழியாகச் சென்றது. வயலிலும் களத்திலும் நமக்காக உழைத்தவருக்குப் பலகாரம் கொல்லைப்புறத்தில், அவர்தம் துண்டிலும் முந்தானையிலும் கொட்டப்பட்டது. அது கொடை, விருந்தன்று. கொடுப்பவர் நிற்க, பெறுபவர் குனிய நேர்வது கொடை. இருவரும் ஒரே தரையில் அமர்வது விருந்து.

இந்நோய் திரு அவைக்குப் புதிதன்று. அந்தியோக்கியாவில் பிற இனத்தாரோடு ஒன்றாக உண்டுவந்த பேதுரு, யூதச் சகோதரர் சிலர் வந்ததும் அஞ்சி அப்பந்தியிலிருந்து விலகிக்கொண்டார். அதற்காகப் பவுல் அவரை எல்லார் முன்னிலையிலும் கண்டித்தார். கலாத்தியர் திருமுகத்தின் இரண்டாம் அதிகாரம் இதனை மறைக்காமல் பதிவுசெய்துள்ளது. திருத்தூதர்களின் தலைவரே கண்டிக்கப்பட்டது யாரோடு உண்பது என்னும் செய்தியில்தான். கொரிந்து நகரத்துச் சபையினரையும், சிலர் பசித்திருக்கச் சிலர் தம் உணவை முந்தி உண்டு மகிழ்வது ஆண்டவரின் திருவிருந்தே ஆகாது என்று அவர் இடித்துரைத்தார்.

தமிழகத்தில் நாம் செய்தது என்ன? 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நோபிலி துறவி வேடம் பூண்டு, உயர்சாதியார் ஏற்கும் வண்ணம் தம் உணவையும் உறவையும் வகுத்துக்கொண்டார். தாழ்த்தப்பட்டோரிடையே பணிசெய்வதற்கென 1640 முதல் பண்டாரசாமிகள் என்னும் தனி வகுப்புக் குருக்கள் உருவாயினர். ஒரே சபையின் குருக்களே ஒன்றாக அமர்ந்து உண்ண இயலாத நிலை அது. நார்த்தாமலைக்கு அதிகத் தொலைவில் இல்லாத ஆவூர், அந்த மதுரை மறைப்பணித் தளத்தின் பழம்பெரும் நடுவங்களுள் ஒன்று என்பதை நம் வாசகர் அறிவர். வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த ஆலயத்தின் உள்ளேயே சாதிகளைப் பிரிக்கச் சுவர் வைத்தனர். அதனை இடிக்க 1910 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கோயிலுக்குள் இருந்த சுவர் இடிந்தது. நம் வீட்டுப் பந்தியில் இருக்கும் சுவரை இடிக்க எந்த ஆயரும் எந்த நீதிமன்றமும் வர இயலாது. அதனை நாமே இடித்தாக வேண்டும்.

இவையெல்லாம் பழங்கதை என்று சொல்வோர் உண்டு. 2022ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பிற்கு மறுநாள், டிசம்பர் 26 அன்று, நமது புதுக்கோட்டை மாவட்டத்து வேங்கைவயலில் ஆதிதிராவிடர் குடியிருப்பின் குடிநீர்த் தொட்டியில் மனிதக் கழிவு கலந்திருந்தது தெரியவந்தது. விசாரிக்கச் சென்ற மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் அவ்வூர்த் தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை முறை இருந்ததையும், கோயிலுக்குள் அம்மக்கள் அனுமதிக்கப்படாததையும் கண்டனர். குடிநீர் வழக்கு பல திருப்பங்களைக் கண்டது. அதனை இங்கே நாம் ஆராயப் புகவில்லை. ஆனால் அந்த இரட்டைக் குவளை நம் மனச்சான்றை உறுத்த வேண்டும். நாம் குடிலை அலங்கரித்துக்கொண்டிருந்த அதே வாரத்தில், நம் மாவட்டத்தில், ஒரு மனிதர் வாய்வைத்த குவளையில் மற்றொருவர் பருக மறுத்துக்கொண்டிருந்தார். அடுத்த ஆண்டே கரூர் மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் காலை உணவைத் தலித் பெண் சமைத்தார் என்பதற்காகப் பெற்றோர் சிலர் தம் பிள்ளைகளை உண்ணவிடாமல் தடுத்தனர். மாவட்ட ஆட்சியர் நேரில் சென்று அவ்வுணவை உண்டு காட்ட வேண்டியதாயிற்று. சாதி இன்று குடியிருப்பது வாயிலும் வயிற்றிலும்தான். அதனை மேடைப்பேச்சால் வெளியேற்ற முடியாது; பந்தியில்தான் வெளியேற்ற முடியும்.

பந்தியின் வலிமையை மற்றவர் நமக்கு முன்பே உணர்ந்தனர். வள்ளலார் 1867இல் வடலூரில் சத்திய தருமசாலையைத் தொடங்கி அணையா அடுப்பை மூட்டினார். 1925இல் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமண மாணவர் இருவருக்குத் தனிப்பந்தி இடப்பட்டது தமிழக அரசியலின் போக்கையே திருப்பிற்று. விடுதலை நாளில் திருக்கோயில்களில் பொது விருந்து நடப்பதை ஆண்டுதோறும் காண்கின்றோம். நம்மவரிடமும் முன்மாதிரிகள் இல்லாமல் இல்லை. நெல்லை, தூத்துக்குடிச் சீமையில் அசனம் என்னும் பெயரில் ஆலய வளாகத்தில் எல்லாருக்கும் உணவிடுகின்றனர். திண்டுக்கல் முத்தழகுப்பட்டியில் புனித செபஸ்தியார் திருவிழாவின்போது நேர்ச்சையாக வந்த ஆடுகளும் கோழிகளும் ஒரே சமையலாகி, சமய வேறுபாடின்றி இரவெல்லாம் பரிமாறப்படுகின்றன. உரோமையில் சாந்த் எஜிதியோ குழுவினர் 1982இல் திரஸ்தேவெரே மரியன்னை பேராலயத்தின் உள்ளேயே மேசைகளை இட்டு, ஏறத்தாழ 20 ஏழையரோடு கிறிஸ்து பிறப்பு விருந்தை உண்டனர். இன்று அவ்வழக்கம் பல நாடுகளில் பரவியுள்ளது. பாதுகாவலர் திருவிழாவிற்கு இயல்வது பாலன் இயேசுவின் பிறப்பு விழாவிற்கு இயலாதா?

நார்த்தாமலை வட்டாரத்தை எண்ணிப் பார்ப்போம். வணிகக் குழுவினரின் பெயரால் நகரத்தார் மலை எனப்பட்டதே நார்த்தாமலை என மருவிற்று என்பர். பல நாட்டு வணிகர் வந்து தங்கிய ஊர் இது. பங்குனியில் முத்துமாரியம்மன் திருவிழாவிற்கு வருவோர் எவராயினும் வழியோர நீர்மோர்ப் பந்தலில் தாகம் தணித்துக்கொள்கின்றனர். இவ்வட்டாரத்தில் கல்லுடைத்தும் கூலி வேலை செய்தும் வாழ்வோர் பலர். வெளிமாநிலங்களிலிருந்து வந்து, உறவினர் ஒருவரும் அருகில் இல்லாமல் தகரக் கொட்டகைகளில் தங்கியிருப்போரும் உண்டு. இங்கே ஒவ்வோர் அன்பியமும் டிசம்பர் 25 நண்பகலில் ஆலய முற்றத்திலோ ஊர்ப் பொதுவிடத்திலோ ஒரு பொதுப்பந்தியை ஏன் விரிக்கக் கூடாது? ஒரு கிலோ அரிசியில் 8 பேர் வயிறார உண்ணலாம். 25 குடும்பங்கள் வீட்டிற்கு ஒரு கிலோ அரிசி தந்தால் 200 பேர் அமரலாம். கறிக்குக் கூறு போட்ட பழக்கம் நமக்கு உண்டு. இம்முறை கூற்றைப் பிரிக்காமல் ஒரே தேக்சாவில் இடுவோம். புலால் உண்ணாதாருக்குச் சாம்பாரும் பொரியலும் தனியே ஆகட்டும்.

ஆனால் பொதுப்பந்தி என்று பெயர் வைத்தால் மட்டும் போதாது. நாம் வற்புறுத்துவன நான்கு. முதலாவது, சமைப்பவர் யார் என்பதே உண்மையான சோதனை. எல்லாச் சாதியினரும் அடுப்பருகே நிற்க வேண்டும். தலித் சகோதரர் விறகு சுமக்கவும் பாத்திரம் துலக்கவும் மட்டும் அழைக்கப்பட்டால் அது பழைய தனிப்பந்தியே. இரண்டாவது, அன்று ஆண்கள் சமைக்கட்டும். பெண்கள் முதற்பந்தியில் அமரட்டும். மூன்றாவது, தெருவாரியாக அன்றி வந்த வரிசையிலேயே ஒரே சமுக்காளத்தில் எல்லாரும் அமர வேண்டும். பங்குத்தந்தைக்கும் ஊர்ப் பெரியவருக்கும் தனி நாற்காலி வேண்டா. நான்காவது, பொட்டலம் கட்டிக் கொடுத்தனுப்பும் வழக்கம் நோயாளிக்கும் நடக்க இயலாதோருக்கும் மட்டுமே உரியது. மற்றவருக்குப் பொட்டலம் தருவது, உடன் அமர்வதைத் தவிர்ப்பதற்கு நாம் கண்டுபிடித்த நாகரிகமான வழி.

தடைகள் பல சொல்லப்படும். குடும்ப உறவு குலையும் என்பர். வீட்டு விருந்தை ஒழிக்கும்படி நாம் சொல்லவில்லை. நண்பகல் ஊருக்கு, இரவு வீட்டிற்கு என்று வைத்துக்கொள்ளலாம். ஊரோடு உண்பதால் குலையும் குடும்பம் உண்மையில் எதனால் பிணைக்கப்பட்டிருந்தது என்பதை அக்குடும்பமே ஆராயட்டும். மதம் மாற்றச் சோறு போடுகின்றார்கள் என்ற பழி வரும் என்பர். அப்பழியை வெல்ல வழி எளிது. பந்தியில் மறையுரை வேண்டா; துண்டறிக்கை வேண்டா; பிற சமயத்தாரை விருந்தினராக மட்டுமன்றிச் சமையலிலும் பரிமாறுதலிலும் பங்காளிகளாகவும் அழைப்போம். இரமலானில் நோன்புக் கஞ்சியை நாம் பெற்றபோது நம்மை எவரும் மதம் மாற்றவில்லையே! இதனையெல்லாம் யார் நடத்துவது என்று கேட்பதும் உண்டு. 1990களின் தொடக்கத்தில் இதே மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின்போது பெண்கள் எழுதப் படித்ததோடு மிதிவண்டியும் ஓட்டக் கற்றனர். கல்குவாரிகளைக் குழுவாகக் குத்தகைக்கு எடுத்தும் நடத்தினர். மலையையே ஏற்று நடத்திய மண்ணில் ஒரு வேளைச் சோற்றை நடத்த ஆள் இல்லை என்பது நம்பத்தக்கதன்று.

உண்மையான தடை இவற்றுள் ஒன்றுமில்லை. அருகில் அமர்வோரின் தோள் நம் தோளில் படுமே என்னும் கூச்சம்தான் அது. அதனை மறைக்கவே செலவு, சுத்தம், மரபு, நேரம் என்று பல பெயர்கள் சூட்டுகின்றோம். விருந்து வைக்கும்போது நண்பரையும் உறவினரையும் செல்வரையும் அழைக்க வேண்டாம், கைம்மாறு செய்ய இயலாதாரை அழையுங்கள் என்று ஆண்டவர் கூறியதை லூக்கா நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தில் வாசிக்கின்றோம். வாசித்துவிட்டு நற்செய்தி நூலை மூடுவதுபோலவே வீட்டுக் கதவையும் மூடுகின்றோம். பிறந்த குழந்தையைத் தாய் கிடத்தியது கால்நடைகள் தீவனம் உண்ணும் தொட்டியில் என்பதை நம் வீட்டுக் குடில்கள் ஆண்டுதோறும் காட்டுகின்றன. எவரும் நெருங்கி வரக்கூடிய இடம் அது. இடையருக்கு அங்கே எவரும் தனிக்குவளை வைக்கவில்லை.

எனவே இவ்வாண்டு அன்பியக் கூட்டத்தில் விருந்தைப் பற்றிய பேச்சு எழும்போது, என்ன உண்பது, எங்கே வாங்குவது என்பதற்கு முன்பாக யாரோடு உண்பது என்ற வினாவை முதலில் வைப்போம். விடை சொல்ல ஒரு மாத காலம் இருக்கின்றது. அரிசியும் விறகும் சேர்க்க அது போதும். ஒரு பக்கத்து வீட்டாரை, ஒரு கல்லுடைக்கும் குடும்பத்தை, இதுவரை நம் முன்வாசல் ஏறாத ஒருவரை, அவர் வீட்டிற்கு நாமே நடந்துசென்று அழைக்கவும் அது போதும்.