கௌரவத்துக்கு லீவு கிடையாது

என் வேலைக்குக் கௌரவ விரிவுரையாளர் என்று பேர். இந்தப் பேரைக் கண்டுபிடித்த அதிகாரி யாரோ, கெட்டிக்காரன். உரிமையை எடுத்துக்கொண்டு அந்த இடத்தில் கௌரவத்தை வைத்துவிட்டான். ஹரிஜன் என்று பேர் வைத்துவிட்டுச் சேரியைச் சேரியாகவே விட்டுவைத்தார்களே, அந்த வித்தைதான்.

காஞ்சிபுரத்துக் கல்லூரி ஒன்றில் ஒன்பது வருஷமாகத் தமிழ் நடத்துகிறேன். லீவைப் பற்றிப் பேசினால் தோழர்களே சிரிக்கிறார்கள். "வேலையே நிரந்தரமில்ல, லீவுக்கு என்ன அவசரம்?" நான் சொல்கிறேன், வேலையின் தராதரத்தை லீவை வைத்துத்தான் அளக்க வேண்டும். ஒருத்தர் வராத நாளுக்கும் சம்பளம் கொடுக்கிறார்கள் என்றால், அவருக்கு நோய் வரும், பிள்ளை பிறக்கும், வீட்டில் சாவு விழும் என்று ஒத்துக்கொண்டு வேலைக்கு வைத்திருக்கிறார்கள். வந்த நாளைக்கு மட்டும் காசு என்றால் கையையும் வாயையும் வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதிமுறைகளைப் படியுங்கள். நிரந்தர ஆசிரியருக்குக் கல்வியாண்டுக்கு 8 நாள் தற்செயல் விடுப்பு, 10 நாள் சிறப்புத் தற்செயல் விடுப்பு, ஒவ்வோர் ஆண்டுப் பணிக்கும் 20 நாள் அரைச்சம்பள விடுப்பு, ஈட்டிய விடுப்பு, படிப்பு விடுப்பு, பெண்களுக்கு 180 நாள் முழுச்சம்பளத்தோடு மகப்பேறு விடுப்பு. நல்ல விதிகள். 2019 ஜனவரியில் அதே குழு கௌரவ விரிவுரையாளர்களைப் பற்றித் தனியாக ஒரு தாள் அனுப்பியது. வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு 50,000 வரை என்று தாராளம் காட்டிய அந்தத் தாளிலேயே, நிரந்தர ஆசிரியருக்கு உள்ளதுபோல் படி, ஓய்வூதியம், பணிக்கொடை, விடுப்பு எதுவும் இவர்களுக்குக் கிடையாது என்றும் எழுதியது. தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் 2023-இல்தான் 20,000 ரூபாய் 25,000 ஆனது. அதுவும் 11 மாதத்துக்கு. எனக்கும் 11 மாத ஒப்பந்தம்தான், மே மாதம் சம்பளம் இல்லை. மே 1 தொழிலாளர் தினம். 1923-இல் சிங்காரவேலர் சென்னையில் கொண்டாடித் தொடங்கிவைத்த நாள். எல்லோருக்கும் சம்பளத்தோடு லீவு, எனக்கு மாசம் முழுக்கச் சம்பளமில்லாத லீவு.

எங்கம்மா செத்தப்போ நாலு நாள் கல்லூரிக்குப் போகவில்லை. திரும்பி வந்ததும் விடுப்பு விண்ணப்பம் எழுதி அலுவலகத்தில் நீட்டினேன். அங்கிருந்தவர் கையாலும் தொடவில்லை. "லீவு இருக்கிறவங்கதான் மேடம் லீவு லெட்டர் தரணும். உங்களுக்கு எதுக்கு? வராத நாளைக் கழிச்சிக்குவோம்." மரியாதையாகத்தான் சொன்னார். என் அம்மாவின் சாவு அந்த ஆபீசில் ஒரு தாளாகக்கூட இல்லை. அதே மாசம் நிரந்தரப் பேராசிரியர் ஒருவர் கிரகப்பிரவேசத்துக்கு நாலு நாள் சி.எல். போட்டார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை, அது அவர் உரிமை. ஆனால் அந்த நாலு நாளும் அவர் வகுப்பை எடுத்தது யார்? நான்தான். அவருடைய லீவு என் முதுகில் ஏறிப் போனது.

சேரிக்கு இது பழைய கதை. ஊரில் சாவு விழுந்தால் நடுராத்திரியிலும் எங்க தாத்தா பறையைத் தூக்கிக்கொண்டு ஓடணும். காய்ச்சல் என்றால், "மவன அனுப்புடா" என்பார்கள். இந்தப் பட்டு நகரத்திலும் அதுதான் நடந்தது. கோர்வைச் சேலைக்குத் தறியில் இரண்டாவது ஆள் வேண்டும். பல காலம் அந்த இரண்டாவது ஆள் பிள்ளைகள்தான். வீட்டில் முன்பணம் வாங்கியிருப்பார்கள், கடன் தீருகிறவரைக்கும் பிள்ளைக்கு லீவில்லை. மழையில் பாவு ஈரம் பிடித்துத் தறி நின்றால் லீவு, அன்றைக்குக் கூலியும் இல்லை. 'நோ ஒர்க், நோ பே' என்று யுனிவர்சிட்டி இங்கிலீஷில் சொல்வதைத் தறிக்காரர் தமிழில் எப்பவோ சொல்லிவிட்டார். பி.எச்டி. வாங்கிக்கொண்டு நான் வந்து உட்கார்ந்ததும் அந்த இரண்டாவது ஆள் இடத்தில்தான்.

இந்த ஊரில் சாமிக்குக்கூட லீவு உண்டு. வரதராசப் பெருமாள் கோயில் குளத்துக்குள் 40 வருஷம் படுத்திருக்கும் அத்தி வரதர், 1979-க்குப் பிறகு 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள் வெளியே வந்தார். லட்சக்கணக்கில் கூட்டம். அந்தக் குப்பையை ராத்திரி பகலாக அள்ளியவர்கள் எந்தச் சாதி என்று யாரும் கேட்கவில்லை, எல்லோருக்கும் தெரியும். கூட்டத்தைக் காரணம் காட்டிக் கல்லூரிக்கும் விடுமுறை விட்டார்கள். நிரந்தரக்காரர் சம்பளத்தோடு சாமி பார்த்தார். அப்போது எனக்கு மணிக்கணக்குச் சம்பளம், வகுப்பு நடக்காத நாளுக்குக் காசு கிடையாது. 40 வருஷம் ஓய்வெடுத்த சாமிக்கு என் கூலியில் பிடித்தம்.

லீவு கேட்பது சோம்பேறித்தனம் என்று நம்மவர்களே நினைக்கிறார்கள். அம்பேத்கரை ஏப்ரல் 14-க்கு மாலை போட்ட படமாக மட்டும் பார்ப்பதால் வந்த வினை இது. 1928-இல் பம்பாய் சட்டசபையில் மகப்பேறு மசோதாவை ஆதரித்துப் பேசினவர் அவர். 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைக் கையில் வைத்திருந்தார். ஆலைத் தொழிலாளிக்குச் சம்பளத்தோடு விடுமுறை சட்டமானது அப்போதுதான், 1945-இல்.

2000-இல் தில்லி மாநகராட்சியோடு மோதி உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தது யார்? மஸ்டர் ரோலில் தினக்கூலியாக இருந்த பெண்கள். நிரந்தரமில்லை என்று சொல்லி மகப்பேறு விடுப்பை மறுக்கக்கூடாது என்று தீர்ப்பு வாங்கினார்கள். 2017-இல் சட்டத்தைத் திருத்தி 12 வாரத்தை 26 வாரம் ஆக்கினார்கள். முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும். 2020-ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அந்த 26 வாரம் இருக்கிறது. 2023-இல் ஒரு ஒப்பந்த மருத்துவர் வழக்கில், ஒப்பந்தக் காலம் நடுவில் முடிந்தாலும் மகப்பேறு பலனை நிறுத்தக்கூடாது என்றது உச்ச நீதிமன்றம். தினக்கூலிப் பெண்கள் வாங்கிக் கொடுத்ததை, நெட், பி.எச்டி. என்று பட்டங்களை அடுக்கி வைத்திருக்கிற நாம் கேட்கக் கூசுகிறோம்.

என்னோடு வேலை பார்க்கும் தோழி ஒருத்திக்கு ஏழாம் மாசம். வகுப்பு மூணாவது மாடியில். ஏப்ரலோடு ஒப்பந்தம் முடிகிறது. "வாயைத் தொறந்தா ஜூன்ல திரும்ப எடுக்க மாட்டாங்கக்கா" என்கிறாள். அவள் பயம் நியாயமானது. அந்தப் பயத்தை முதலீடாக வைத்துத்தான் கல்லூரிகள் நடக்கின்றன. அதனால் அவளைத் தனியாகக் கேட்கச் சொல்ல முடியாது. 11 பேர் ஒரே தாளில் கையெழுத்துப் போடுகிறோம். 12 மாதச் சம்பளம், சம்பளத்தோடு தற்செயல் விடுப்பு, அவளுக்கு 26 வாரம்.

சங்கத்துப் பேராசிரியர்களே, 2020-இல் அரசு உங்கள் சரண்டர் லீவை நிறுத்தியபோது, லீவே இல்லாத நாங்களும் உங்களோடு வாசலில் நின்று கோஷம் போட்டோம். இந்தத் தாளில் உங்கள் கையெழுத்துக்கும் இடம் விட்டிருக்கிறோம். மாணவர்களே, உங்களுக்குப் பாடம் நடத்துகிறவருக்குக் காய்ச்சல் வந்தால் சம்பளம் உண்டா என்று முதல்வரிடம் ஒரு தடவை கேளுங்கள். மனுவை அலுவலகம் வாங்க மறுத்தால் தபாலில் அனுப்புவோம், ஒப்புகை கேட்டு. இந்த முறை அது ஒரு தாளாக அங்கே இருந்தே தீரும்.