மெலியெஸை வீழ்த்தியது யுத்தமல்ல

மார்ட்டின் ஸ்கோர்செசியின் 'ஹியூகோ' 2011ஆம் ஆண்டு வெளிவந்தது. அடுத்த வருடம் ஐந்து ஒஸ்கார் விருதுகளைப் பெற்றது. பிள்ளைகளோடு அமர்ந்து பார்க்கத் தகுந்த படம், ஆரம்பகால சினிமாவுக்குச் செலுத்திய அஞ்சலி என்று அதனைச் சிலாகிப்போர் இன்றும் பலர். படத்தின் அழகை நான் மறுக்கவில்லை. பாரிஸ் ரயில் நிலையத்து மணிக்கூடுகளுக்குள் ஒளிந்து வாழும் அநாதைச் சிறுவன், பொம்மைக் கடையில் மனம் கசந்து உட்கார்ந்திருக்கும் கிழவர், இருவரையும் இணைக்கும் இயந்திர மனிதன் எல்லாம் மனதில் நிற்பவைதாம். அந்த அழகு எதனை மூடி மறைக்கிறது என்பதே எனது ஆட்சேபம்.

அந்தக் கிழவர் கற்பனைப் பாத்திரமல்ல. ஜோர்ஜ் மெலியெஸ் (1861–1938) மேடையில் மாயவித்தை காட்டியவர். 1897இல் பாரிஸுக்கு அருகே மொந்த்ரேயில் கண்ணாடியால் ஸ்டூடியோ கட்டி, 500க்கும் மேற்பட்ட படங்களை எடுத்தவர். அத்தகையவர் எப்படி வீழ்ந்தார்? படத்தில் அவர் வாயாலேயே விடை வருகிறது. யுத்தம் வந்ததாம், கொடுமைகளைக் கண்டு திரும்பியவர்களுக்கு மாயக் கதைகள் சலித்துவிட்டனவாம்.

வரலாறு அப்படிச் சொல்லவில்லை. முதலாம் உலக யுத்தம் தொடங்கியது 1914இல். மெலியெஸின் படங்களோ 1913உடன் நின்றுவிட்டன.

1902இல் அவர் எடுத்த 'சந்திரனுக்கு ஒரு பயணம்' அமெரிக்காவில் அமோகமாக ஓடியது. அந்தப் பணம் யாருடைய பைக்குப் போனது? எடிசனின் கம்பெனி உட்பட அங்கிருந்தோர் அதனைத் திருட்டுத்தனமாகப் பிரதி எடுத்து விற்றார்கள். இந்தத் திருட்டைத் தடுப்பதற்காகவே 1903இல் தம் அண்ணன் காஸ்தோனைக் கொண்டு நியூயோர்க்கில் கிளையொன்றைத் திறந்தார். பின்னர் சினிமா பெருங்கம்பெனிகளின் கைத்தொழிலானது. 1911இல் பதே கம்பெனியிடம் பணம் பெற்றுப் படமெடுக்க உடன்பட்டார். வீடும் ஸ்டூடியோவும் பிணையாயின. படங்களை வெட்டித் திருத்தும் உரிமையும் கம்பெனிக்கே போனது. அவை ஓடவில்லை, கடன்தான் மிஞ்சியது.

இதில் ஒரு விசித்திரமும் உண்டு. யுத்தம் தொடங்கியபோது கடன் அறவிடுவதை அரசாங்கம் ஒத்திவைத்ததால் பதே அவரது சொத்தில் கைவைக்க முடியவில்லை. அதாவது, யுத்தம் அவரது கூரையைச் சில காலம் காப்பாற்றியிருக்கிறது! 1923இல் மொந்த்ரேய் பறிபோனபோது, எஞ்சியிருந்த நெகட்டிவ்களைத் தம் கையாலேயே எரித்தார்.

யுத்தத்துக்குப் பங்கே இல்லையென்று நான் சொல்லவரவில்லை. 1917இல் இராணுவம் அவரது படச்சுருள்கள் பலவற்றைக் கைப்பற்றி உருக்கியது. அவை சப்பாத்துக் குதிகளாயின. ஆனால் அது மரத்தால் விழுந்தவனை மாடேறி மிதித்த கதை. மரத்திலிருந்து தள்ளியவர்கள் வேறு.

"இது பிள்ளைகளுக்கான படம், அதிலும் பிரையன் செல்ஸ்னிக்கின் 2007ஆம் ஆண்டு நாவலைத் தழுவியது, இவ்வளவு கணக்குப் பார்க்கலாமா?" என்று சிலர் கேட்கக்கூடும். பார்க்கத்தான் வேண்டும். மெலியெஸின் உண்மைப் பெயரையும் உண்மைப் படத்துண்டுகளையும் காட்டி வரலாறு சொல்லும் படம், கேள்வி எழும் இடத்தில் மட்டும் கற்பனைக்குள் ஒளிந்துகொள்வது நியாயமல்ல. அறியாமை என்று விட்டுவிடவும் முடியாது. பழைய படங்களைப் பாதுகாக்க 1990இல் அமைப்பொன்றை நிறுவியவர் ஸ்கோர்செசி. கலைஞனின் உழைப்பு எப்படி அழிகிறது என்பதை அவரைவிட நன்கு அறிந்தவர் யார்? இருந்தும் 15 கோடி டொலருக்கு மேல் செலவிட்ட ஹொலிவூட் படமொன்றில், சினிமா வியாபாரம் குற்றவாளிக் கூண்டில் ஏறவேயில்லை.

மீட்பும் அப்படித்தான் காட்டப்படுகிறது. ஒரு சிறுவனின் பாசம் போதும், தொலைந்தவை திரும்பிவிடும்! நிஜத்தில், 'சந்திரனுக்கு ஒரு பயண'த்தின் வண்ணப் பிரதி சிதைந்த நிலையில் பார்சிலோனா ஆவணக் காப்பகத்தில் 1993இல் கண்டெடுக்கப்பட்டது. அதைச் செப்பனிட்டு கான் திரைப்பட விழாவில் காட்ட 2011 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. காப்பகமும் பணமும் பொறுமையும் இல்லாத இடத்தில் பாசம் மட்டும் எதனை மீட்கும்? அவரது படங்களில் பாதிக்கு மேற்பட்டவை இன்றும் இல்லை.

பிள்ளைகளுக்கு 'ஹியூகோ'வைத் தாராளமாகக் காட்டுங்கள். படம் முடிந்ததும் 1913, 1914 என்ற இரண்டு ஆண்டுகளையும் எழுதிக் காட்டி, எது முந்தியது என்று கேளுங்கள். மிகுதிக் கேள்விகளை அவர்களே கேட்பார்கள்.