நாப்புக்கு ஒரு நூல் கட்டு

களம்பூருக்கும் ஆரணிக்கும் இடையே ஓடும் பழைய மாருதி 800-ல் ஏசி நாப் திடீரென்று வெறுமனே சுற்றும். காற்று கூடாது, குறையாது. சுவிட்சே போய்விட்டது என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். நாப்பைப் பிடுங்கிப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

ஒரு பக்கம் தட்டையாகச் சீவிய தண்டு. அதைக் கவ்வும் பிளாஸ்டிக் கழுத்தில் மயிரிழை விரிசல். ஆண்டுக்கணக்கான வெயிலில் பிளாஸ்டிக் மொரமொரவென்று ஆகிவிட, கழுத்து விரிந்து கொடுக்கிறது. உள்ளே பசை ஊற்றுவது தவறான வைத்தியம். நாப் தண்டோடு ஒட்டிக்கொண்டால் பிறகு பேனலைக் கழற்றுவது பெரும்பாடு. கட்டு வெளிப்பக்கம்தான் வேண்டும். கழுத்தைச் சுற்றி எபாக்சி தடவி, மெல்லிய நூலை இறுக்கிச் சுற்றி, ஒரு நாள் உலரவிட வேண்டும். மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா போடுவதும் இதே கணக்குதான். நூலாகப் பட்டு இழையே நல்லது; இழுவையைத் தாங்குவதில் அது பேர்போனது. பட்டுத்தறி ஓடும் ஆரணியில் அதற்கா பஞ்சம்?

1983-ல் வந்த மாருதி 800-இன் உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றது. வண்டிகள் மட்டும் இன்னும் ஓடுகின்றன.

பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஒன்றிய அரசு 2022 டிசம்பரில் இணையதளம் தொடங்கியது; வாகனங்களும் அதில் அடக்கம். நல்ல காரியம். ஆனால் ஒரு நாப்புக்காக முழுப் பேனலையும் வாங்க வைப்பது அநியாயம். சின்ன உதிரிபாகமும் தனியாகக் கிடைத்தாக வேண்டும்.

அதுவரை ஒரு முழ நூல் போதும். கட்டு தடித்துப் பேனல் துளையில் உரசாமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.