விதை ஊர்த்தெருவோடு நின்றுவிடுகிறது

சென்ற ஆண்டு ஒரு கருத்தரங்கில் கட்டுரை வாசிக்கப் போயிருந்தேன். சிறு, குறு விவசாயிகளிடம் மேம்படுத்தப்பட்ட பயிர் ரகங்கள் ஏன் போய்ச் சேரவில்லை என்பதுதான் அமர்வின் பொருள். எனக்கு முன்னால் பேசிய பேராசிரியர் திரையில் ஒரு வரைபடத்தைக் காட்டினார். மணியைக் கவிழ்த்து வைத்தது போன்ற வளைவு. இடது ஓரத்தில் ‘புதுமை விரும்பிகள்’, அடுத்து ‘முன்கூட்டியே ஏற்போர்’, நடுவில் பெரும்பான்மையினர், வலது ஓரத்தில் ‘பின்தங்கியோர்’. அந்த வலது ஓரத்தைச் சுட்டிக்காட்டி அவர் சொன்னார்: “இவங்க மனப்பான்மை மாறாத வரைக்கும் எந்த விதையைக் கொடுத்தாலும் பிரயோஜனம் இல்லை.” அரங்கில் எல்லோரும் குறிப்பெடுத்துக்கொண்டார்கள்.

நான் எடுக்கவில்லை. அந்த வலது ஓரத்தில் நின்றுகொண்டிருந்தவர் என் அப்பா.

எங்கள் ஊர் காவிரி டெல்டாவின் கடைமடை. அப்பா வாரத்துக்கு எடுத்து உழுதது ஆறு மா நிலம். வடிகாலை ஒட்டிய பள்ளம் அது. ஐப்பசி, கார்த்திகையில் மழை வலுத்தால் ஊர்த் தண்ணீரெல்லாம் அங்கேதான் வந்து நிற்கும். பொன்மணி என்று நாங்கள் சொல்லும் சி.ஆர். 1009 ரகத்தில் வெள்ளம் தாங்கும் மரபணுவைச் சேர்த்து சி.ஆர். 1009 சப்-1 என்ற ரகம் வந்திருப்பது அப்பாவுக்குத் தெரியவந்தபோது, ஊர்த்தெருக்காரர்கள் அதை மூன்று சம்பா எடுத்து முடித்திருந்தார்கள். அதுவும் தண்ணீரே நிற்காத மேட்டு வயலில். மூழ்கும் வயலுக்கென்று உருவாக்கிய விதை மூழ்காத வயலில் விளைந்தது. மூழ்கிய வயலில் பழைய பயிர் அழுகியது.

அப்பா விதை கேட்டு அலுவலகத்துக்குப் போனார். சிட்டா, அடங்கல் கேட்டார்கள். நிலம் அவர் பெயரில் இல்லை. “நிலத்துக்காரரக் கூட்டிக்கிட்டு வா” என்றார் அங்கிருந்தவர். அவருக்கு என் வயதுதான் இருக்கும். அப்பாவுக்கு அப்போது ஐம்பத்தைந்து. அந்த ‘வா’வில் இருக்கும் சாதியை அளப்பதற்கு எந்த வினாத்தாளிலும் கட்டம் இல்லை. ஆனால் அன்று விதை இல்லாமல் திரும்பி வந்தவரைப் ‘பின்தங்கியோர்’ கட்டத்தில் போட்டுவிட மட்டும் நம் ஆய்வுலகத்துக்குத் தெரிகிறது.

அயோவாவின் அளவுகோல்

அந்த மணி வளைவு வந்த இடத்தைப் பார்ப்போம். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் வீரிய ஒட்டு மக்காச்சோளம் எப்படிப் பரவியது என்று ரையன், கிராஸ் என்ற இரு சமூகவியலாளர்கள் 1943இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அந்த மரபில் வளர்ந்த எவரெட் ரோஜர்ஸ் 1962இல் எழுதிய நூல்தான் இன்றும் நம் வேளாண் விரிவாக்கப் படிப்பின் வேதநூல். அக்கம்பக்கத்து விவசாயிகள் ஒருவரையொருவர் பார்த்து, பேசி, நம்பி, புதியதை ஏற்பார்கள் என்பது அதன் சாரம்.

அயோவாவில் ஊர், சேரி என்ற பிரிவு இல்லை. இங்கே ‘அக்கம்பக்கம்’ என்பதே சாதி போட்ட கோடு. டீக்கடை பெஞ்சில் சமமாக உட்கார முடியாதவர்களுக்கு டீக்கடைப் பேச்சில் விதைச் செய்தி எப்படி வந்து சேரும்? புதுமை பரவாததற்கு விவசாயியையே குற்றவாளியாக்கும் சாய்வு தன் துறையில் இருப்பதை ரோஜர்ஸே பிந்தைய பதிப்புகளில் ஒப்புக்கொண்டார். நம் பேராசிரியர்கள் வளைவை மட்டும் எடுத்துக்கொண்டு அந்த ஒப்புதலை விட்டுவிட்டார்கள்.

ஒடிசா சொல்லும் உண்மை

“எல்லாவற்றிலும் சாதியைப் பார்க்கிறீர்கள்” என்பவர்களுக்காக ஒடிசாவுக்குப் போவோம்.

ஸ்வர்ணா கிழக்கிந்தியாவில் மிகப் பரவலான நெல். அதில் வெள்ளம் தாங்கும் மரபணுவைச் சேர்த்த ஸ்வர்ணா சப்-1 இந்தியாவில் 2009இல் வெளியானது. அந்த மரபணு எடுக்கப்பட்டதே ஒடிசாவின் பழைய நாட்டு நெல் ஒன்றிலிருந்து தெரிவு செய்த ரகத்திலிருந்துதான். ஒடிசாவின் 128 கிராமங்களில் நடத்திய கள ஆய்வு ஒன்று 2013இல் வெளியானது. பத்து நாள் தண்ணீரில் மூழ்கிக் கிடந்தால் இந்த ரகம் பழைய ஸ்வர்ணாவைவிடச் சுமார் 45 விழுக்காடு கூடுதலாக விளைகிறது. வெள்ளம் வராவிட்டாலும் விளைச்சல் குறைவதில்லை. இவை அந்த ஆய்வின் முடிவுகள். இன்னொன்றும் சொன்னது: வெள்ளம் நிற்கும் தாழ்வான நிலங்களில் அதிகம் பயிர் செய்பவர்கள் ஒடுக்கப்பட்ட சாதியினர். ஆகவே இந்த விதையால் யாரையும்விட அதிகப் பயன் பெறப்போவது அவர்களே.

மனுவின் சட்டம் மண்ணின் மட்டத்திலும் எழுதப்பட்டிருக்கிறது. மேடு அவனுக்கு, பள்ளம் இவனுக்கு.

அந்த விதை தேவைப்பட்டவரிடம் போனதா? அதே மாநிலத்தில் செய்த வேறோர் ஆய்வில், சில கிராமங்களில் விதையை ஒரு சில விவசாயிகளிடம் கொடுத்து அவர்கள் வழியாகப் பரவ விட்டார்கள். வேறு சில கிராமங்களில் வீடு வீடாகப் போய் விற்றார்கள். வீட்டு வாசலுக்குப் போன இடத்தில் வாங்கியவர்கள் பல மடங்கு அதிகம். விவசாயி வழியாக விட்ட இடத்தில், விதை வைத்திருந்தவரின் உட்சாதியாக இருப்பது விதை கிடைப்பதோடு சேர்ந்தே வந்தது. வாசலுக்குப் போய் விற்றபோது அந்தத் தொடர்பு காணாமல் போனது.

வாசலுக்கு வந்தால் வாங்குகிறவருக்கு மனப்பான்மையில் என்ன கோளாறு? விதைக்குக் கால் இல்லை. அது சாதியின் காலில் நடக்கிறது. நடக்கிற தூரமும் சாதி போகிற தூரம்தான்.

‘முன்னோடி’ யார்?

தமிழ்நாட்டிலும் இதே கதைதான். இங்கே ‘முன்னோடி விவசாயி’ என்று ஒரு பட்டம் உண்டு. செயல் விளக்கத் திடல் அவர் வயலில், பயிற்சி அவருக்கு, நேர்காணல் அவரிடம். சாலையோரம் நிலம், ஆழ்துளைக் கிணறு, அதிகாரி வந்தால் உட்கார வைக்க நாற்காலி ஆகியவை முன்னோடி ஆவதற்கான எழுதப்படாத தகுதிகள். ஒரு பருவம் பொய்த்தால் மூன்று வருடம் கந்துவட்டி கட்ட வேண்டியவர் புது ரகத்தைப் பார்த்துத் தயங்குவது கணக்கு. பொய்த்தாலும் தாங்குகிறவர் துணிவது வசதி. இதில் ஒன்றை அறியாமை என்றும் மற்றதை முற்போக்கு என்றும் எழுதுகிறார்கள்.

2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவின் மொத்தச் சாகுபடிப் பரப்பில் பட்டியல் சாதியினர் கையில் இருப்பது 9 விழுக்காட்டுக்கும் குறைவு. 2011 மக்கள்தொகையில் அவர்கள் 16.6 விழுக்காடு, தமிழ்நாட்டில் 20 விழுக்காடு. 1892இல் ட்ரெமென்ஹீர் அறிக்கையை ஒட்டி வழங்கிய பஞ்சமி நிலங்கள் எத்தனை கை மாறி யாரிடம் இருக்கின்றன என்பது எல்லாக் கட்சிகளுக்கும் தெரியும். நிலம் போன பிறகு மிஞ்சியது வாய்மொழிக் குத்தகை. குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969இலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. பதியச் சொல்லிக் கேட்டால் அடுத்த பருவம் நிலம் இருக்காது. நிலம் பெயரில் இல்லையென்றால் சிறு, குறு விவசாயி சான்று இல்லை. 2019இல் வந்த ‘பி.எம். கிசான்’ உதவித்தொகை இல்லை. ஆதிதிராவிடர் சிறு, குறு விவசாயிகளுக்கு வேளாண் கருவிகளில் கூடுதலாக 20 விழுக்காடு மானியம் என்று மாநில அரசு அறிவிக்கிறது. நல்லது. அதை வாங்கக் கேட்பதும் அதே சான்றைத்தான்.

வெண்மணியை மறக்காதீர்கள்

விளைச்சல் பெருகினால் எல்லோருக்கும் நல்லதுதானே என்பார்கள். தஞ்சை மண் அந்தப் பாடத்தை ஏற்கெனவே படித்துவிட்டது. 1960இல் தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்துக்குத் தேர்வான முதல் மாவட்டங்களில் ஒன்று தஞ்சாவூர். 1960களின் நடுவில் ஆடுதுறை 27 வந்தது, அடுத்து ஐ.ஆர். 8 வந்தது. களத்துமேட்டில் நெல் குவிந்தது. குவித்த கைகள் கூலியில் கொஞ்சம் உயர்த்திக் கேட்டன. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 உயிர்களைக் குடிசையில் வைத்துக் கொளுத்தினார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். 1973இல் உயர்நீதிமன்றம் நிலக்கிழார்களை விடுவித்தது. விதை மாறியது, வரப்பு மாறவில்லை. நில உறவைத் தொடாத விவசாயப் புரட்சி யாருக்குப் புரட்சி என்பதை அந்தத் தீ சொல்லிவிட்டது.

அண்ணல் அம்பேத்கர் இந்தியாவின் சிறு நிலவுடைமைகள் பற்றி 1918இலேயே ஒரு கட்டுரை எழுதினார். நிலம் சிறிதாக இருப்பதே நோய் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த நேரம். ஒரு நிலம் கட்டுபடியாகுமா என்பதைப் பரப்பு மட்டும் தீர்மானிக்காது, அதில் இறங்கும் மூலதனமும் கருவிகளும் சேர்ந்தே தீர்மானிக்கும் என்று அவர் வாதிட்டார். நூறு ஆண்டு கழிந்தும் நம் ஆய்வுகள் சிறு விவசாயியின் மூளைக்குள் தேடிக்கொண்டிருக்கின்றன. அவர் கையில் என்ன இல்லை என்று பார்ப்பதில்லை.

பாரம்பரிய நெல் பேசும் நண்பர்களுக்கும் ஒரு சொல். வீரிய ரகமா, நாட்டு ரகமா என்று நீங்கள் மோதிக்கொள்ளும் மேடையில் இரு பக்கமும் நிலம் உள்ளவர்களே நிற்கிறார்கள். எந்த விதை என்று தேர்ந்தெடுக்க முதலில் வயல் வேண்டும்.

கோரிக்கைகள் எளிமையானவை. நிலத்துக்காரர் கையெழுத்து இல்லாமலே பயிர் செய்கிறவருக்கு விதையும் மானியமும் கொடுங்கள். வெள்ளம் தாங்கும் ரகத்தின் செயல் விளக்கத் திடலை வெள்ளம் நிற்கும் பள்ளத்தில், தலித் விவசாயியின் வயலில் போடுங்கள். விதையைக் காலனிக்குள் கொண்டுவந்து வீடு வீடாகக் கொடுங்கள். எந்த ரகம் எந்தச் சாதியினரின் எத்தனை ஏக்கருக்குப் போனது என்று ஆண்டுதோறும் கணக்கு வெளியிடுங்கள். பஞ்சமி நிலத்தை மீட்டுத் தாருங்கள். பல்கலைக்கழகங்கள் ‘பின்தங்கியோர்’ என்ற கட்டத்தை அழிக்கட்டும். விதை கொடுக்கப்படாதவர் என்று எழுதட்டும்.

அன்று என் கட்டுரையை வாசித்து முடித்ததும் அந்தப் பேராசிரியரிடம் ஒன்று சொன்னேன். ஊர்த்தெரு மேட்டு வயலில் வெள்ளம் தாங்கும் ரகம் முதன்முதலாக வந்தபோது, அந்த நாற்றைப் பறித்து முடி கட்டியதும் நட்டதும் என் அம்மாவும் எங்கள் தெருப் பெண்களும். தூர் எப்படிக் கட்டுகிறது, தண்டு எவ்வளவு திடம், எத்தனை நாள் தண்ணீர் தாங்கும் என்று ஊருக்கு முன்னால் தெரிந்துகொண்டவர்கள் அவர்கள். சொந்தமாக நட்டுப் பார்க்க ஒரு குழி நிலம்தான் அவர்களிடம் இல்லை. உங்கள் வளைவில் அவர்களை எந்த ஓரத்தில் வைப்பீர்கள், ஐயா?

பதில் வரவில்லை. தேநீர் இடைவேளை அறிவித்தார்கள்.