முன்பணம் கட்டினால்தான் விளக்கா?

மில் தொழிலாளி மாதம் முழுவதும் உழைத்த பிறகுதான் சம்பளம் வாங்குகிறான். முப்பது நாள் உழைப்பை அவன் முதலாளிக்குக் கடனாகத் தருகிறான். களை பறிக்கப் போகும் பெண்ணும் பொழுது சாய்ந்த பிறகே கூலியைக் கண்ணால் காண்கிறாள். ஆனால் வீட்டில் விளக்கெரிய மட்டும் இவர்கள் முன்கூட்டியே பணம் கட்ட வேண்டுமாம்! பிரீபெய்ட் மீட்டர் என்பதன் பொருள் இதுதான்.

2021-ல் மத்திய சர்க்கார் வகுத்த திட்டம், நாடெங்கும் 25 கோடி பிரீபெய்ட் மீட்டர்களைப் பொருத்துவதை இலக்காக வைத்தது. பீகாரில் லட்சக்கணக்கான வீடுகளில் இவை வந்துவிட்டன. 2024 மே மாதம் குஜராத்தின் வடோதரா நகர மக்கள் இவற்றை எதிர்த்து வீதிக்கு வந்தனர்.

ஏழை வீட்டில் இந்த மீட்டர் என்ன செய்யும்? ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை. பிரிட்டனைப் பார்த்தால் போதும்.

அங்கே 1986-ல் காஸும், 1990 முதல் மின்சாரமும் தனியாருக்கு விற்கப்பட்டன. சாதாரணக் குடும்பத்தின் வருடாந்திரக் கட்டண வரம்பு 2021 அக்டோபரில் 1,277 பவுன். 2022 ஏப்ரலில் 1,971 பவுன். பாக்கி விழுந்த வீடுகளுக்குள் கம்பெனி ஆட்கள் கோர்ட் வாரண்டுடன் புகுந்து பிரீபெய்ட் மீட்டரை மாட்டினர். 2022-ல் மட்டும் 94,000-க்கு மேல்!

இதில் ஒரு சூழ்ச்சி உண்டு. கம்பெனி இணைப்பைத் துண்டித்தால் அது கணக்கில் ஏறும், கேள்வி வரும். பணம் தீர்ந்து மீட்டர் தானே நின்றால், அந்த இருட்டு துண்டிப்புக் கணக்கில் ஏறாது. “நாங்கள் துண்டிக்கவில்லையே” என்று கம்பெனி கை கழுவிவிடும். குளிரில் நடுங்குகிறவன் மீதே பழி விழும்.

மக்கள் கொதித்தெழுந்த பிறகு, 2023 பிப்ரவரியில், ஆஃப்ஜெம் என்ற கட்டுப்பாட்டு வாரியம் இதை நிறுத்தி வைக்கச் செய்தது. அதே ஆண்டு நவம்பரில் விதிகள் வந்தன: இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை உள்ள வீட்டிலும், துணையின்றி வாழும் 75 வயது தாண்டியோர் வீட்டிலும் மீட்டரைப் பலவந்தமாகப் பொருத்தக் கூடாது, மற்றவர்களையும் பத்து முறையாவது தொடர்புகொள்ள முயன்றிருக்க வேண்டும். வெள்ளம் வந்த பின் போட்ட அணை! முதலிலேயே போட்டிருந்தால் எத்தனை குடும்பங்கள் தப்பியிருக்கும்?

நம்மிடம் ஓர் அணை ஏற்கனவே இருக்கிறது. 2003-ம் வருட மின்சாரச் சட்டத்தின் 56-வது பிரிவு, 15 நாள் எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுக்காமல் இணைப்பைத் துண்டிக்கக் கூடாது என்கிறது. அந்தப் பதினைந்து நாளில்தான் ஏழை கைமாற்று வாங்குகிறான், அண்டா குண்டானை அடகு வைக்கிறான், எப்படியோ கட்டிவிடுகிறான். பிரீபெய்ட் மீட்டருக்கு லைன்மேனும் வேண்டாம், கடிதமும் வேண்டாம். பணம் தீர்ந்தால் இருட்டுத்தான். அப்படியானால் அந்தப் பதினைந்து நாள் எங்கே போயிற்று?

“கடன் ஏறாமல் காக்கிறோம், டெபாசிட்டும் கேட்கவில்லை” என்கிறார்கள். பட்டினி போட்டுவிட்டு மளிகைக் கடன் குறைந்தது என்பதுபோல் இருக்கிறது இந்த நியாயம்!

ஆகவே நாம் கோருவது இதுதான்:

1. இஷ்டமில்லாதவர் வீட்டில் பிரீபெய்ட் மீட்டரைத் திணிக்கக் கூடாது.

2. எந்த மீட்டரானாலும் 15 நாள் அறிவிப்பு உரிமை நீடிக்க வேண்டும்.

3. இரவிலும் விடுமுறை நாளிலும், கைக்குழந்தை, முதியவர், நோயாளி உள்ள வீட்டிலும் துண்டிப்புக் கூடாது.

4. பாக்கியைத் தவணையில் கட்ட வழி வேண்டும்.

கட்டணம் நிர்ணயிக்குமுன் மக்களின் ஆட்சேபனைகளைக் கவனிக்க ஒழுங்குமுறை ஆணையம் சட்டப்படி கடமைப்பட்டது. அங்கே பெரிய ஆலைகளின் வக்கீல்கள் தவறாமல் ஆஜராகிறார்கள். சேரித் தெருவும் லயன் வீடும் பேசாமலிருந்தால் தீர்ப்பு யார் பக்கம் சாயும்? மில் கேட்டிலும் கிராமச் சாவடியிலும் கூடிப் பேசுங்கள். மனு எழுதிக் கையெழுத்துத் திரட்டுங்கள். மீட்டர் வாசலுக்கு வருமுன் நம் குரல் ஆணையத்துக்குப் போய்ச் சேரட்டும்!