பாதிப் பெயர் போதாது

அண்மையில் பளையில் நடந்த ஓர் இன்னிசை நிகழ்ச்சிக்குச் சென்றிருந்தேன். 'பாவமன்னிப்பு', 'காதலிக்க நேரமில்லை' ஆகிய படங்களின் பாடல்கள் அடுத்தடுத்துப் பாடப்பட்டன. ஒவ்வொரு முறையும் அறிவிப்பாளர் "இசை: எம்.எஸ்.விஸ்வநாதன்" என்றார். டி.கே.இராமமூர்த்தி எங்கே போனார்? எவரும் கேட்கவில்லை.

இது அந்த ஒருவரின் நாத்தவறு அன்று. இணையத்தில் பாடல்களை ஏற்றுவோரும் மேடைகளில் பேசுவோரும் பல்லாண்டுகளாகச் செய்துவரும் அநீதி. 1952இல் 'பணம்' தொடங்கி 1965இல் 'ஆயிரத்தில் ஒருவன்' வரை அப்பாடல்கள் இருவர் பெயரிலேயே வெளிவந்தன. 1963இல் சூட்டிய பட்டமும் 'மெல்லிசை மன்னர்கள்' என்பதே. பன்மையில் கொடுத்ததை ஒருமையாக்க நாம் யார்?

"மெட்டு விஸ்வநாதனுடையது, மற்றவர் வாத்தியங்களை ஒழுங்குசெய்தவர்தானே" என்பர் சிலர். இசையமைத்த அறையில் இவர்கள் இருந்தார்களா? வாத்தியங்களை நீக்கிவிட்டால் அப்பாடல்களில் எஞ்சுவது எவ்வளவு? "பிரிந்தபின் ஒருவர் உச்சிக்குப் போனார், மற்றவர் ஒதுங்கிவிட்டார்" என்பது அடுத்த வாதம். பிந்திய சந்தை நிலவரம் முந்திய உழைப்புக்குச் சான்றாகாது. 1966இல் இராமமூர்த்தி தனித்து இசையமைத்த 'மறக்க முடியுமா', 'சாது மிரண்டால்' படங்களின் பாடல்களைக் கேட்டோர் அப்படிப் பேசார்.

உலகில் பிரிந்த இரட்டையர் இவர்கள் மட்டுமல்லர். பிரான்சின் மின்னணு இசை இரட்டையரான டாஃப்ட் பங்க் 1993இல் சேர்ந்து 2021 பெப்ரவரியில் பிரிந்தனர். தோமா பங்கல்தேர் பின்னர் பாலே நடனத்துக்கு இசை எழுதினார். அது 2023இல் இசைத்தட்டாகவும் வந்தது. அதற்காகப் பழைய பாடல்களிலிருந்து கீ-மனுவேலின் பெயரை எவரும் அழித்துவிடவில்லை.

நாமோ, படம், பாடியவர், இயற்றியவர், இசையமைத்தவர் என ஒன்றும் விடாமல் சொன்ன இலங்கை வானொலியைக் கேட்டு வளர்ந்தவர்கள். மின்சாரமற்ற தொண்ணூறுகளில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்கள். அத்தனை பாடுபட்டுக் கேட்ட பாட்டின் சொந்தக்காரரை இன்று மறந்துவிட்டோம்.

விஸ்வநாதனைச் சிறுமைப்படுத்த இதை எழுதவில்லை. 1995இல் 'எங்கிருந்தோ வந்தான்' படத்துக்காக இருவரும் மீண்டும் இணைந்தனர். இராமமூர்த்தி 2013இலும் விஸ்வநாதன் 2015இலும் மறைந்தனர். அவர்களே சேர்ந்துவிட்டார்கள், நாம்தான் பிரித்துக்கொண்டிருக்கிறோம்.

ஒலிவாங்கி பிடிப்போரே, இன்னொரு பெயரைச் சொல்ல இரண்டு விநாடி போதும். சொல்லுங்கள்.