இறங்க மறுத்த வளையல்



ஹட்டனுக்குப் பக்கத்தில், தோட்ட லயமொன்றில் ஓர் அக்காவைப் பார்க்கப் போயிருந்தேன். முதல் நாள் மலையில் கொழுந்தெடுக்கும்போது குளவி கொட்டியிருந்தது. கை முழங்கை வரை வீங்கி, கண்ணாடி வளையல் சதைக்குள் புதைந்து கிடந்தது. சவர்க்கார நுரை தடவியும் இறங்கவில்லை. மகள் துணியைச் சுற்றி மெல்ல உடைத்தெடுத்தாள். "கொட்டினது நேத்து தம்பி, இன்னைக்கும் ஏன் ஊதுது?" என்று கேட்டார் அக்கா.

ஊதவைப்பது விஷம் மட்டுமல்ல, நம் இரத்தக் குழாய்களும்தான். அவற்றின் உட்புறத்தில் ஒரேயொரு கல அடுக்காகப் படர்ந்திருக்கிறது அகவணி. விஷம் சீண்டியதும் சதையிலுள்ள மாஸ்ட் கலங்கள் ஹிஸ்டமின் என்ற இரசாயனத்தைக் கொட்டுகின்றன. அது பட்டவுடன் அகவணிக் கலங்கள் சுருங்கி விலக, அந்த இடுக்குகளால் இரத்தத்தின் நீர் வெளியே கசிகிறது. நைத்திரிக் ஒட்சைட்டையும் அவை சுரப்பதால் குழாய் விரிந்து, தோல் சிவந்து சுடுகிறது. இத்தனையும் சில நிமிடங்களில்.

மிச்சம் மணிக்கணக்கில் நடக்கும். இன்டர்லியூக்கின்-1 போன்ற அழற்சிப் பொருள்கள் வந்து சேர்ந்ததும் அகவணி தன்மேல் ஒட்டும் புரதங்களை முளைக்கவிடுகிறது. ஓடிக்கொண்டிருக்கும் வெண்குருதிக் கலங்கள் அவற்றில் உருண்டு, பிடிபட்டு, சதைக்குள் இறங்குகின்றன. அகவணி தானும் இன்டர்லியூக்கின்-6, 8 ஆகியவற்றைச் சுரந்து இன்னும் ஆள் கூப்பிடுகிறது. அக்காவின் கை மறுநாளும் ஊதியது இப்படித்தான்.

இந்தப் படலத்தை வெறும் உள்பூச்சு என்றே வெகுகாலம் எண்ணியிருந்தார்கள். முயலின் நாடித் துண்டில் அதைச் சுரண்டிவிட்டால், நாடியைத் தளரவைக்கும் அசற்றைல்கோலின் என்ற பொருளுக்கும் நாடி தளர்வதில்லை என்று 1980இல் ராபர்ட் ஃபர்ச்கொட் காட்டினார். தளரச் சொல்வது அகவணிதான் என்பது அப்படித்தான் தெரிந்தது. அந்தச் செய்தியைக் கொண்டுபோவது நைத்திரிக் ஒட்சைட்டு என்று கண்டதற்காக 1998இல் அவருக்கும் மற்ற இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

ஒரு கையில் மட்டும் நடக்கும் வரை இந்த வீக்கம் நமக்குக் காவல். ஒவ்வாமை உள்ளவருக்கு உடம்பு முழுவதும் ஒரே நேரத்தில் அகவணி திறந்துகொண்டால், சில நிமிடங்களில் இரத்தக் குழாய்களிலுள்ள நீரில் மூன்றில் ஒரு பங்கு வரை வெளியேறிவிடலாம். இரத்த அழுத்தம் விழுந்து உயிரே போகலாம். அதைத் தடுக்கும் மருந்து தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. கொட்டிய இடத்தில் தடவும் சுண்ணாம்பு அல்ல.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். கொட்டியவுடனே வளையல், மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். உடம்பெல்லாம் தடிப்பு, மூச்சுத் திணறல், தலைசுற்று, நாக்கு வீக்கம் எது தெரிந்தாலும், பல குளவிகள் கொட்டியிருந்தாலும், லயத்துக்குத் திரும்பிக் காத்திருக்க வேண்டாம். கொழுந்து லொறியில் ஏற்றியாவது டிக்கோயாவுக்கோ நுவரெலியாவுக்கோ, எது கிட்டவோ அந்த வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். மயங்கினால் படுக்கவைத்துக் கால்களை உயர்த்துங்கள். தோட்ட நிர்வாகிகளே, ஆட்களை நிரையில் இறக்குமுன் மரங்களில் கூடு இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்